ஊருணித் துளியில் நீந்துவது எது, நடுங்குவது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் ஊருணியோ கண்மாயோ இல்லாத ஊர் இல்லை. பள்ளியில் ஒரு சாதாரண நுண்ணோக்கி இருந்தால் போதும், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்து உயிர் இயற்பியலின் அடிப்படை முழுவதையும் பார்த்துவிடலாம். பார்ப்பதைப் புரிந்துகொள்வதுதான் சிரமம். கீழே உள்ளவை அதற்கான விடைகள். சோதனைகளுக்கு வேண்டியவை மருந்துக்கடையிலும் சமையற்கட்டிலும் கிடைப்பவையே.

ஒரு சொட்டில் எல்லாமே ஆடுகிறது. அத்தனையும் உயிரா?

இல்லை. ஆடுவதில் பெரும்பகுதி மண். மழைநீர் செம்மண்ணையும் செம்பாறையையும் கழுவிக்கொண்டுதான் ஊருணிக்குள் இறங்குகிறது. அதிலுள்ள களிமண் துகள்கள் 2 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்). பாக்டீரியாவும் அதே அளவுதான். ஆகவே உருவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அசைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

துளிக்குள் மூன்று விதமான அசைவு உண்டு. முதலாவது ஓட்டம். பெரியது சிறியது எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் போனால் அது தண்ணீர் ஓடுவது. கவர்ஸ்லிப்பின் (துளியை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடு) ஓரத்தில் நீர் காய்வதால், அல்லது மேசை சரிவாக இருப்பதால் வரும். கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் மெல்லிய வாசலின் தடவி அடைத்தால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். அடைத்த பிறகும் ஓடினால் விளக்குச் சூடு காரணமாக இருக்கலாம். பழைய ஹாலஜன் விளக்கு உள்ள கருவிகளில் இது வாடிக்கை.

இரண்டாவது நடுக்கம். துகள் இருந்த இடத்திலேயே துடிக்கும், மெல்ல நகரும், மறுபடி பின்வாங்கும். 1827-இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்களில் கண்டது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் வருவது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். 1 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, 30 டிகிரி வெப்பமுள்ள நீரில், ஒரு விநாடியில் சராசரியாக 1.5 மைக்ரோமீட்டர் விலகும். ஒன்பது விநாடியில் ஒன்பது மடங்கு விலகாது, மூன்று மடங்குதான்: 4.5 மைக்ரோமீட்டர். நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் தூரம் கூடுகிறது. நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இதுவே.

மூன்றாவதுதான் நீச்சல். நீந்தும் பாக்டீரியா ஒரு விநாடியில் தன் உடல் நீளத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்தை ஏறக்குறைய நேராகக் கடக்கும். பக்கத்திலுள்ள மண்துகளைத் தாண்டிப் போகும். எதிரெதிரே இரண்டு வந்து விலகிப்போவதும் தெரியும்.

கண் பழக ஒப்பீடு வேண்டும். தயிர்த் தெளிவில் ஒரு சொட்டை பத்து மடங்கு நீரில் கலந்து பாருங்கள். தயிரை உறைய வைக்கும் லாக்டோபாசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளுக்குக் கசையிழை (நீந்த உதவும் மெல்லிய வால் இழை) கிடையாது. உயிருள்ளவைதான், ஆனால் நீந்தத் தெரியாதவை. நடுங்க மட்டும் செய்யும். இட்லி மாவின் லூக்கோநாஸ்டாக்கும் அப்படியே. தயிரைப் பத்து நிமிடம் பார்த்த கண்ணுக்கு ஊருணித் துளியில் நீந்துவது எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் துளியின் ஓரத்தில் ஒரு சொட்டு பொவிடோன் அயோடின் விடுங்கள். நீச்சல் நிற்கும், நடுக்கம் நிற்காது.

மழை பெய்த பின் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கியே கிடக்கிறதே, ஏன்? தேற்றாங்கொட்டை என்ன செய்கிறது?

1 மைக்ரோமீட்டர் களித்துகள் விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஒரு நாளைக்குச் சுமார் 9 சென்டிமீட்டர். துகள் ஐந்தில் ஒரு பங்கு சிறியதானால் வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும், ஏனெனில் வேகம் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த அளவில் நடுக்கமே வீழ்ச்சியை வென்றுவிடும். போதாக்குறைக்குக் களித்துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று தள்ளும், சேர்ந்து கட்டியாகாது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் அதிலிருந்து வரும் நீண்ட மூலக்கூறுகள் துகள்களை ஒட்டிப் பிணைக்கின்றன. பத்து துகள் அகலத்துக்குத் திரண்ட திரளை, அதற்குள் நீர் சிக்கியிருந்தாலும், தனித்துகளைவிடப் பல மடங்கு விரைவாக விழும். தண்ணீர் தெளியும். தெளிந்ததைச் சுத்தமானது என்று நினைத்துவிடக் கூடாது; அது வேறு விஷயம், கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

நீந்தும் நுண்ணுயிர்களுக்குத் தண்ணீரே பாகு மாதிரி என்கிறார்களே, அது எப்படி?

தண்ணீர் மாறுவதில்லை, அளவு மாறுகிறது. நீரில் போகும் பொருளைத் தடுப்பவை இரண்டு: நீரை விலக்கித் தள்ளும்போது அதன் நிறை காட்டும் எதிர்ப்பு, நீரின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்வதால் வரும் பாகுநிலை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள விகிதம்தான் ரெனால்ட்ஸ் எண். கணக்கு எளிது. நீளத்தை மீட்டரிலும் வேகத்தை மீட்டர்/விநாடியிலும் எடுத்துப் பெருக்கி, நீருக்கு, பத்து லட்சத்தால் பெருக்குங்கள்.

ஊருணியில் நீந்தும் மனிதருக்கு இது பத்து லட்சத்தை ஒட்டி வரும். 10 சென்டிமீட்டர் கெண்டை விநாடிக்கு 20 சென்டிமீட்டர் போனால் 20,000. பரமேசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி 0.2 மில்லிமீட்டர் நீளம், விநாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகம், விடை 0.2. ஈ.கோலை பாக்டீரியா 2 மைக்ரோமீட்டர் நீளம், விநாடிக்கு 30 மைக்ரோமீட்டர், விடை 0.00006. நம்மை அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதிரசப் பாகு போதாது. தார்க் குழியில் இறக்கிவிட்டு, கையைக் கடிகார முள்ளின் வேகத்தில் அசைக்கச் சொல்ல வேண்டும்.

இதன் விளைவு ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தானே விளங்கும்: அவற்றுக்கு உந்தம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. நாம் காலை உதைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் சில மீட்டர் வழுக்கிப் போகிறோம். ஈ.கோலை தன் மோட்டாரை நிறுத்தினால், ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் அது வழுக்கும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. 1977-இல் இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் இந்தக் கணக்கைச் சொன்னார். இந்தக் கணத்தில் தள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவு வேகம். சற்றுமுன் என்ன நடந்தது என்பது கணக்கிலேயே வராது.

அதனால் என்ன? துடுப்புப் போட்டால் போகாதா?

போகாது. பரிசல்காரர் துடுப்பை வேகமாகப் பின்னே இழுத்து, மெதுவாக முன்னே கொண்டுவருகிறார். வேகத்துக்கு மதிப்பு இருக்கும் உலகில் அது பலிக்கும். பாகு உலகில் முன்னே கொண்டுவரும்போது எவ்வளவு மெதுவாகச் செய்தாலும், இழுத்ததில் கிடைத்த தூரம் அப்படியே பறிபோகும். நேரம் கணக்கில் இல்லை, உருவங்களின் வரிசை மட்டுமே கணக்கு. சிப்பி திறந்து மூடுவதுபோல் போன வழியே திரும்பும் எந்த அசைவும் அங்கே பயன்படாது. பர்செல் இதைச் சிப்பியை வைத்தே விளக்கியதால் சிப்பித் தேற்றம் என்றே பெயர் நின்றுவிட்டது.

நம்ப முடியவில்லை என்றால் கிளிசரினில் செய்து பாருங்கள். ஜி. ஐ. டெய்லர் செய்துகாட்டிப் புகழ்பெற்ற சோதனையின் வீட்டு வடிவம் இது. 8 சென்டிமீட்டர் வாயுள்ள, பக்கங்கள் செங்குத்தான கண்ணாடிப் பாத்திரம் ஒன்று; அதற்குள் 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளைப் புட்டி ஒன்று, மூடிவரை உலர்ந்த மணல் நிரப்பியது. மணல் இல்லாவிட்டால் புட்டி மிதக்கும். இடைவெளியில் சுமார் 300 மில்லி கிளிசரின் ஊற்றி, குமிழிகள் மேலேறும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள். தனியே ஒரு கரண்டி கிளிசரினில் சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து, ஊசி நுனி மழுங்கிய சிரிஞ்சால் இடைவெளியின் நடுவே, பாதி ஆழத்தில் ஒரு கோடு விடுங்கள். இப்போது உள் புட்டியை மெதுவாக மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. நிறம் இழுபட்டுக் கலங்கிக் காணாமல் போகும். அதே மூன்று சுற்றை எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். கோடு திரும்ப வந்து நிற்கும்.

வராவிட்டால் காரணம் இவற்றுள் ஒன்று. நிறத்தைத் தண்ணீரில் கரைத்து விட்டிருப்பீர்கள். அது இலேசானது, மேலே ஏறிவிடும். புட்டி சுற்றும்போது தள்ளாடியிருக்கும். போன தள்ளாட்டமும் வந்த தள்ளாட்டமும் ஒன்றாக இருக்காது. புட்டியில் மார்க்கரால் கோடு போடாததால் சுற்று கூடக்குறைய ஆகியிருக்கும். அல்லது கிளிசரின் பழையது: திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பத்து சதவீதம் நீர் சேர்ந்தாலே பாகுநிலை பெரிதும் இறங்கிவிடும். எல்லாம் சரியாக வந்த பிறகு, இதையே தண்ணீரில் செய்துகாட்டுங்கள். தண்ணீரில் கோடு திரும்பாது.

பிறகு எப்படித்தான் முன்னேறுகின்றன?

போன வழியே திரும்பாத அசைவைக் கண்டுபிடித்ததால். பரமேசியத்தின் உடலெங்கும் உள்ள குற்றிழைகள், சுமார் 10 மைக்ரோமீட்டர் நீளம், தள்ளும்போது விறைத்து நிமிர்ந்து வீசும். திரும்பும்போது வளைந்து உடலை ஒட்டித் தவழ்ந்து வரும். இரண்டு வழியும் வேறு வேறு. பாக்டீரியா இன்னும் எளிய வழியைப் பிடித்திருக்கிறது: திருகுச் சுருளாக உள்ள இழையைச் சுழற்றிக்கொண்டே இருப்பது. சுழற்சிக்குத் திரும்பும் வழி என்பதே இல்லை.

சுருள் சுற்றினால் ஏன் முன்னே போக வேண்டும்? கார்க்கில் திருகாணி இறங்குவதுபோல என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த உவமை அரைகுறை. கார்க் திடப்பொருள், தண்ணீர் வழுகும். உண்மைக் காரணம் மெல்லிய குச்சி ஒன்றின் இயல்பில் இருக்கிறது. பாகில் அது நீளவாக்கில் போவதைவிடக் குறுக்குவாக்கில் போக ஏறக்குறைய இரு மடங்கு விசை வேண்டும். தையல் ஊசியால் இதை அளக்கலாம். உயரமான கண்ணாடிக் குடுவையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிளிசரின். 3.5 சென்டிமீட்டர் ஊசியை இடுக்கியால் பிடித்து, திரவத்துக்குள் நுழைத்த பிறகு விடுங்கள். ஒருமுறை செங்குத்தாக, ஒருமுறை படுக்கையாக. செங்குத்து ஊசி முந்தும். பாத்திரத்தின் சுவர் அருகில் இருப்பதால் சரியாக இரண்டு மடங்கு வராது, ஒன்றரைக்கு மேல் வந்தால் சோதனை சரி. வெளியிலிருந்து போட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

மூன்றாவது முறை ஊசியைச் சாய்வாக விடுங்கள். இதுதான் முக்கியமானது. நேரே கீழே விழாமல் சாய்ந்த பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இறங்கும். இழுப்பது கீழ்நோக்கி, போவது பக்கவாட்டிலும். திருகுச் சுருளின் ஒவ்வொரு துண்டும் இப்படி ஒரு சாய்ந்த ஊசி. சுழற்சி அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அது அச்சின் திசையில் சறுக்குகிறது. எல்லாத் துண்டுகளின் சறுக்கலும் சேர்ந்ததே நீச்சல். இழை ஒரு பக்கம் சுழல்வதால் உடல் எதிர்ப்பக்கம் உருள வேண்டும். உருளும் பாக்டீரியாவை நுண்ணோக்கியிலும் கவனிக்கலாம்.

கசையிழை உண்மையிலேயே சக்கரம்போல் சுழல்கிறதா?

பாக்டீரியாவினுடையது சுழல்கிறது. கசை என்ற பெயரைக் கேட்டுச் சாட்டையாக நினைப்பது பொருந்துவது விந்தணு, யூக்ளினா, கிளாமிடோமோனாஸ் போன்றவற்றுக்கு. அவற்றின் இழை நெடுக உள்ளேயே இயங்குபுரதங்கள் உண்டு, இழை தானே வளைகிறது. பாக்டீரியாவின் இழையோ உயிரற்ற புரதக் குழல், 20 நானோமீட்டர் தடிமன். அடியிலுள்ள மோட்டார் அதைத் திருப்புகிறது. ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் 1973-இல் வாதமாக முன்வைத்ததை, அடுத்த ஆண்டே சில்வர்மனும் சைமனும் கண்ணால் காட்டினார்கள். இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள்; இழை சுழல முடியாததால் உடல் முழுதும் பம்பரமாகச் சுற்றியது.

மோட்டாரின் குறுக்களவு சுமார் 45 நானோமீட்டர். மின்சாரம் போல அதை ஓட்டுவது, செல் சவ்வின் வழியே உள்ளே பாயும் புரோட்டான்கள். நீந்தும் ஈ.கோலையில் விநாடிக்கு நூறு சுற்று என்ற அளவில் ஓடும். கடல்வாழ் விப்ரியோ வகைகளில் சோடியம் அயனிகளால் ஓடுவது ஆயிரத்தையும் தாண்டும். திறன் பற்றிக் கேட்டால் ஏமாற்றம்தான்: செலவழிக்கும் ஆற்றலில் ஓரிரு சதவீதமே முன்னேற்றமாக மாறுகிறது. பாக்டீரியாவுக்கு அது பெரிய இழப்பல்ல, நீச்சலுக்காகும் மொத்தச் செலவே அதன் வரவில் சொற்பம்.

கண்ணில்லை, மூளையில்லை. எங்கே போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

ஈ.கோலை ஒரு விநாடி அளவு நேரே ஓடும், பத்தில் ஒரு விநாடி புரளும், புரண்டபின் எந்தப் பக்கம் முகம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மறுபடி ஓடும். இழைகள் எல்லாம் ஒரே பக்கம் சுழன்றால் கற்றையாகச் சேர்ந்து தள்ளும். ஏதாவது ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பினால் கற்றை பிரியும், உடல் புரளும். பெர்க்கும் டக்ளஸ் பிரௌனும் 1972-இல், பாக்டீரியாவைப் பின்தொடரும் நுண்ணோக்கி ஒன்றைக் கட்டி இதை அளந்தார்கள்.

புரண்டபின் வரும் திசையைத் தேர்ந்தெடுக்க அதனால் முடியாது. எப்போது புரள்வது என்பதை மட்டும் தள்ளிப்போட முடியும். கடந்த ஒரு விநாடியில் கிடைத்த சர்க்கரையை அதற்கு முந்தைய மூன்று விநாடியோடு ஒப்பிடுகிறது. கூடினால் புரளாமல் ஓடும். அவ்வளவே தந்திரம். இடத்தை இடத்தோடு ஒப்பிடுவதில்லை, நேரத்தை நேரத்தோடு ஒப்பிடுகிறது; 2 மைக்ரோமீட்டர் உடலின் இரு முனைகளுக்கிடையே சர்க்கரை அளவில் வேறுபாடு மிக மிகக் குறைவு.

ஏன் ஒரு விநாடி? இதற்கும் இயற்பியலே எல்லை போடுகிறது. 20, 30 மைக்ரோமீட்டராவது போகாவிட்டால், பரவிவரும் மூலக்கூறுகளை முந்தவே முடியாது. போன இடத்துச் செய்தி இருந்த இடத்துக்கே வந்திருக்கும். பத்து விநாடிக்குமேல் ஓடவும் பயனில்லை. மூலக்கூறுகளின் இடியால் அதற்குள் முகமே செங்கோணம் அளவுக்குத் திரும்பிவிடும். இடைப்பட்டது ஒரு விநாடி.

பரமேசியம் வளர்ப்பது எப்படி? எங்கள் குடுவையில் நாற்றம்தான் வருகிறது.

நாற்றம் வந்தால் வைக்கோல் அதிகம். அரை லிட்டர் நீருக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு பிடி, இரண்டு மூன்று சென்டிமீட்டராக நறுக்கியது போதும். பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியால் மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் ஊருணி ஓரத்தில் மக்கும் இலையோடு மொண்ட நீர் 30 மில்லி சேருங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் மேலே பாக்டீரியா ஆடை படரும், ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் குற்றிழை உயிரிகள் பெருகும். வாரம் ஒருமுறை இரண்டு மூன்று வெந்த சோற்றுப் பருக்கை போட்டால் ஒரு மாதம் ஓட்டலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்துவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அல்லது கிணற்று நீர். ஆர்.ஓ. நீர் வேண்டாம், உப்பே இல்லாத நீரில் அவை திணறும். மூடியை இறுக்கினால் காற்றில்லாமல் போகும். மருந்தடித்த வயல் வைக்கோல் எல்லாவற்றையும் கொன்றுவிடும், காரணமே தெரியாமல் இரண்டு வாரம் வீணாகும். இந்தப் பக்கத்தில் பெரிய எதிரி சித்திரை வெயில்: நாள் முழுதும் 35 டிகிரிக்கு மேல் நின்றால் வளர்ப்பு சரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த உள்கட்டுத் தரையில், ஈரமணல் தட்டில் வைத்த மண்சட்டிக்குள் குடுவையை வையுங்கள்.

எடுக்கும்போது அடியிலிருந்து எடுக்காதீர்கள். பரமேசியம் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏறும் பழக்கம் உடையது. ஆடைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடியை ஒட்டிய நீரில்தான் கூட்டமாக இருக்கும்.

பார்த்தால் பறந்துவிடுகிறது. நிறுத்திப் பார்க்க முடியாதா?

பஞ்சை நன்றாகப் பிரித்து நாலைந்து இழைகளைத் துளியில் போட்டு மூடுங்கள். இழைகளுக்கிடையே அடைபட்டு நிற்கும். முட்டியதும் பின்வாங்கி, சற்றுத் திரும்பி, மறுபடி முன்னேறும் அதன் தப்பிக்கும் முறையும் இலவசமாகத் தெரியும். முட்டும்போது சவ்வில் கால்சியம் பாய்ந்து குற்றிழைகள் எதிர்ப்பக்கம் அடிக்கின்றன.

இன்னொரு வழி, நீரைக் கெட்டியாக்கி வேகத்தைக் குறைக்கும் 2 சதவீத மெத்தில் செல்லுலோஸ். இதைக் குளிர்ந்த நீரில் கொட்டினால் கட்டி தட்டும். 2 கிராம் பொடியை முதலில் 30 மில்லி சூடான நீரில் கலக்கி நனைத்து, பிறகு 70 மில்லி குளிர்நீர் விட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். சூட்டில் கரையாது, குளிரில்தான் கரையும். ஒரு எச்சரிக்கை: இதில் அளந்த வேகத்தை வேகம் என்று எழுதக் கூடாது.

போன் கேமராவால் வேகம் அளக்கலாமா?

தாராளமாக. முதலில் பார்வைப் பரப்பின் அகலம் வேண்டும். கண்ணருகு வில்லையில் 18 என்று புல எண் எழுதியிருந்தால் அதைப் பொருளருகு வில்லையின் பெருக்கத்தால் வகுங்கள்: 4-க்கு 4.5 மில்லிமீட்டர், 10-க்கு 1.8, 40-க்கு 0.45. எண் எழுதியில்லை என்றால் ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 பெருக்கத்தில் வைத்து எண்ணிக்கொள்ளலாம். விநாடிக்கு 30 படம் எடுக்கும் காணொளியில் ஒரு பரமேசியம் 10 பெருக்கத்தில் புலம் முழுவதையும் 54 படங்களில் கடந்தால், 1.8 மில்லிமீட்டர், 1.8 விநாடி, விநாடிக்கு 1 மில்லிமீட்டர். ஆழத்தில் ஏறி இறங்குபவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; வேகம் குறைத்துத் தெரியும். குறைந்தது இருபது ஓட்டமாவது அளங்கள்.

குற்றிழை அடிப்பதை எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விநாடிக்கு 30 முறை அடிக்கும் இழை, 30 படக் காணொளியில் அசையாமல் நிற்பதாகத் தெரியும். 29 முறை அடித்தால் மெதுவாகப் பின்னோக்கி அடிப்பதாகத் தெரியும். படத்தில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது இதே மாயம். 120 அல்லது 240 படமுள்ள ஸ்லோமோஷனில் எடுங்கள். அப்போது மின்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குவது பட்டையாக விழும். பவர்பேங்கில் எரியும் எல்.இ.டி. வைத்தால் தொல்லை இல்லை.

கண்ணாடி அருகே பாக்டீரியா வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. நோயா?

இல்லை. உடல் ஒரு பக்கம், இழை எதிர்ப்பக்கம் உருள்கிறது. கண்ணாடி பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்து நீர் அதிகம் இழுக்கும். உடல் ஒரு பக்கமும் வால் மறு பக்கமும் தள்ளப்பட்டு வட்டம் விழுகிறது. மேலுள்ள கவர்ஸ்லிப்பில் ஒரு பக்கம் சுற்றினால், குவியத்தைக் கீழுள்ள ஸ்லைடுக்கு இறக்கும்போது எதிர்ப்பக்கம் சுற்றும். துளியின் நடுவே பார்த்தால் நேராகவே போகும்.

வறண்ட கண்மாயில் எதுவும் மிஞ்சாதே?

கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய் மண்ணில் ஒரு கரண்டி எடுத்து, ஆறிய கொதிநீர் ஐம்பது மில்லியில் போடுங்கள். மறுநாளைக்குள் அவரை விதை வடிவில் கொல்போடா என்ற குற்றிழை உயிரி சுற்றத் தொடங்கும். ஈரம் வற்றும்போது உறைகட்டிக்கொண்டு படுத்தது, நீர் பட்டதும் எழுந்திருக்கிறது. ஐப்பசி மழை விழுந்த சில நாளில் கண்மாய் உயிர்பெறுவதற்கு ஒரு காரணம் இது.

காந்தத்தால் திரும்பும் பாக்டீரியா இங்கே கிடைக்குமா?

தேடிப் பாருங்கள், இந்த ஊர் அதற்குச் சுவையான இடம். நீரடிச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் உடலுக்குள் மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) படிகங்களைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கின்றன. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் இவற்றை விவரித்தார். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் வடக்கு நாடுபவை, தெற்கில் பெரும்பாலும் தெற்கு நாடுபவை. ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் 60, 70 பாகை கீழே சரிந்திருப்பதால், அதன்வழி போனால் சேற்றுக்கு இறங்கிவிடலாம். காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டிச் செல்வதால் செட்டிநாட்டில் அந்தச் சரிவு சில பாகைகளே. புலம் ஏறக்குறையக் கிடைமட்டம், மேல் எது கீழ் எது என்று அது சொல்லாது. பிரேசிலில் காந்த நடுக்கோட்டருகே உள்ள ஃபோர்டலேசாவில் 1981-இல் பார்த்தபோது வடக்கு நாடுபவையும் தெற்கு நாடுபவையும் கிட்டத்தட்டச் சம அளவில் இருந்தன. ஆகவே இங்கே தேடுபவர்கள் காந்தத்தின் ஒரு முனையை மட்டும் வைத்துவிட்டு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஊருணிச் சேறு, மீதி அதே ஊருணி நீர். மூடியைத் தளர்வாக வைத்து, வெயில் படாத இடத்தில் சில வாரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு சேற்றின் மேல்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, புட்டியின் இரு எதிர்ப்பக்கங்களிலும் சட்டக் காந்தங்களை வையுங்கள்; ஒன்றின் தென்முனையும் மற்றதன் வடமுனையும் புட்டியைப் பார்க்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் காந்தம் இருந்த இடத்து நீரை டிராப்பரால் உறிஞ்சி, கவர்ஸ்லிப்பின் அடியில் தொங்கும் துளியாக வைத்து 40 பெருக்கத்தில் துளியின் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் கூட்டம் சேர்ந்து, காந்தத்தைத் திருப்பியதும் கூட்டமே திரும்பிப் போனால் கிடைத்துவிட்டது. செத்த செல்லும் காந்தத்துக்குத் திரும்பும், ஆனால் இடம் பெயராது. தானாகத் திரும்பும் இரும்புத் துருத் துகளும் அப்படியே. காந்தம் திசையை மட்டுமே கொடுக்கிறது, போவது பாக்டீரியாவின் சொந்தக் கசையிழையால்.

காலையில் ஊருணிமேல் பச்சை ஆடை, மாலையில் குறைவு. அதுவும் நீந்துகிறதா?

பெரும்பாலும் மிதக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் செல்லுக்குள் வாயு நிரம்பிய நுண்குழல்கள் உண்டு. பகலில் ஒளியில் செய்த சர்க்கரை சேர்ந்து கனத்து இறங்கும், இரவில் அதைச் செலவழித்து ஏறும். கசையிழை எதுவும் இல்லை. இதன் சில வகைகள் நஞ்சு உடையவை, வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

மிளகு ஊறிய நீரில்தான் பாக்டீரியாவை முதலில் பார்த்தார்கள் என்பது உண்மையா?

பாக்டீரியாவைப் பற்றிய மிகப் பழைய தெளிவான பதிவு அதுதான். மிளகின் காரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஹாலந்தின் லீவன்ஹுக் 1676-இல் மிளகை நீரில் ஊறவைத்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது காரத்துக்கு விடை இல்லை. துளி முழுதும் நீந்தும் நுண்ணுயிர்கள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து பத்து மிளகை எடுத்து நீங்களும் செய்யலாம், கவர்ஸ்லிப்பை இறுக்கி அழுத்தாதவரை நன்றாகவே தெரியும்.

நுண்ணோக்கியில் எதுவும் நீந்தவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. ஒரு துளியில் 40 பெருக்கத்தில் நீங்கள் பார்ப்பது லிட்டரில் மிகச் சிறு பங்கு. வயிற்றுப்போக்கு தரும் ஷிகெல்லாவுக்கு நீந்தவே தெரியாது, வைரஸ் கண்ணிலேயே படாது. நன்றாகக் குமிழிட்டு ஒரு நிமிடமாவது கொதித்த நீரைத்தான் குடிக்க வேண்டும், தேற்றாங்கொட்டையால் தெளிந்ததாக இருந்தாலும். சோதனை முடிந்த வளர்ப்புகளைக் கொதிக்கவைத்தோ, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு வளர்ப்பு நீர் என்ற கணக்கில் கலந்து அரை மணி நேரம் வைத்தோ கொட்டுங்கள். ஊருணிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். கிளிசரினை மட்டும் வடிகட்டி, இறுக மூடி அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.